எல்லையோர ஊர்களுக்குச் சுற்றுலாத் தொழில் என்ன செய்யும்?

கடலூரில் புதுச்சேரி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். ஆல்பேட்டை சோதனைச் சாவடி வரும். தென்பெண்ணைப் பாலம் வரும். இன்னும் கொஞ்ச தூரம் போனால் முள்ளோடை. அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. வயல் அதே வயல், பேச்சு அதே பேச்சு, கோயில் திருவிழாவுக்குச் சம்பந்தி வீடுகளும் இரண்டு பக்கமும் உண்டு. காவலரின் தலையில் சிவப்புத் தொப்பி ஏறியிருக்கும், பெட்ரோல் விலை மாறியிருக்கும், சாலையோரம் மதுக்கடைகள் வரிசை கட்டியிருக்கும். ஊருக்கு ஊர் சுமார் 22 கிலோமீட்டர்தான். அதற்குள் இரண்டு அரசுகள், இரண்டு வரிப் பட்டியல்கள், இரண்டு திட்ட அறிக்கைகள்.

இப்படி ஒரே வாழ்க்கை நடக்கும் நிலத்தின் நடுவே ஒரு கோடு ஓடினால், கோட்டின் இரு பக்கத்தையும் சேர்த்து எல்லைப்புறப் பகுதி என்கிறோம். அந்தக் கோடு இரண்டு நாடுகளைப் பிரிக்கலாம், இரண்டு மாநிலங்களைப் பிரிக்கலாம். அவை ஏன் பெரும்பாலும் பின்தங்கிப் போகின்றன என்பதற்கு நம் விவசாயிகளிடம் ஒரு நல்ல சொல் இருக்கிறது: கடைமடை. ஏரியில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்கு முதலில் பாயும், கடைமடைக்கு மிச்சம் இருந்தால்தான் வரும். எல்லையோர ஊர் என்பது நிர்வாகத்தின் கடைமடை. சென்னையிலிருந்து பார்த்தாலும் புதுச்சேரிச் சட்டமன்றத்திலிருந்து பார்த்தாலும் வரைபடத்தின் ஓரத்தில் கிடக்கும் ஊர் அது. சாலை போடுபவர்கள் எல்லைக்கல் வரை போட்டு நிறுத்துகிறார்கள். பஸ் தடம் அங்கே திரும்பிவிடுகிறது. மறுபக்கம் என்ன நடக்கிறது என்று கேட்பது எந்த அலுவலகத்தின் வேலையும் இல்லை. இரண்டு அரசுகளின் கடைமடைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.

இந்தக் கோடுகளை யாரும் மக்களின் வசதியைப் பார்த்துப் போடவில்லை. கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து நாலாபுறமும் பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த இடம் வரையுள்ள ஊர்கள் கம்பெனிக்கு என்று முடிவானது. ‘குண்டு கிராமங்கள்’ என்ற பெயர் அதனால் வந்தது. வடக்கே பிரெஞ்சுக்காரர்கள் 1674 முதல் புதுச்சேரியில் கால் ஊன்றி, காலப்போக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிராமங்களைச் சேர்த்துக்கொண்டார்கள். போரில் பிடிபட்டும் உடன்படிக்கையில் திரும்பியும் வந்த அந்தத் துண்டுகளே இன்றைய புதுச்சேரி வரைபடம். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு நிர்வாகம் விடைபெற்ற பிறகும் கோடு அப்படியே நின்றுவிட்டது. நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு பக்கம் போனால் தமிழ்நாட்டுக்குள் புகுந்து மீண்டும் புதுச்சேரிக்குள் ஏறும் இடங்களைப் பார்க்கலாம். ஒரு பீரங்கிக் குண்டு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு கிராமத்தின் ரேஷன் அட்டை எந்த நிறம் என்பது முடிவாகும் நிலை எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது.

சரி, இதில் சுற்றுலாத் தொழிலுக்கு என்ன இடம்?

அரசின் வரைபடம் எல்லையில் முடிந்துவிடும். சுற்றுலா வந்தவரின் ஒரு நாள் அங்கே முடியாது. புதுச்சேரியில் அறை எடுத்துத் தங்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஆரோவில் மாத்ரி மந்திர். 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. மதியம் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானியரோடு நடந்த வணிகத்தின் தடயங்களை வெளிக்கொணர்ந்த மேடு அது, புதுச்சேரிக்குள் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது. மாலையில் சுண்ணாம்பாற்றில் படகு. மறுநாள் சிதம்பரம் தரிசனம், அங்கிருந்து பிச்சாவரம் சதுப்புநிலக் காட்டில் துடுப்புப் படகு. அது கடலூர் மாவட்டம். இரண்டு நாளில் அந்தக் குடும்பம் எல்லையைப் பல முறை தாண்டிவிட்டது, ஒரு முறையும் அதை உணரவில்லை.

அந்த இரண்டு நாளை வரைந்து கொடுத்தவர் யார்? அறை கொடுத்தவர், கார் ஓட்டியவர், பயண ஏற்பாட்டாளர், ‘அங்கே போனால் இந்த மெஸ்ஸில் சாப்பிடுங்கள்’ என்று சொன்ன வரவேற்பறைப் பையன். எந்த ஊரில் வண்டி நிற்க வேண்டும், எந்த ஊரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் தாண்ட வேண்டும் என்பதை முடிவு செய்பவர்கள் இவர்கள்தான். எல்லை தாண்டித் திட்டமிட அரசுக்கு அதிகாரம் இல்லை. இவர்களுக்கு அதைத் தவிர வேறு வழி இல்லை. எல்லைப்புற வளர்ச்சியில் சுற்றுலாத் தொழிலின் தனித்தன்மை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் ஆட்கள் வந்து குவிவதை மட்டும் வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. இதைப் புரிந்துகொள்ள பாகூர் ஏரியைப் பார்க்கலாம். ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரியின் பெரிய ஏரி அது, பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் ஆக்கியதும் அதுதான். அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தமிழ்நாட்டில் தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக. அணை ஒரு அரசின் நிலத்தில், ஏரி இன்னொரு அரசின் நிலத்தில். வாய்க்கால் தூர்ந்து போனால் ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டாலும் ஏரி காயும்.

சுற்றுலாப் பணமும் அப்படித்தான். ஆற்றில் எவ்வளவு வெள்ளம் போகிறது என்பது ஒரு கணக்கு, ஏரியில் எவ்வளவு தேங்குகிறது என்பது வேறு கணக்கு. வந்த பணம் உள்ளூரில் நிற்காமல் வெளியே போவதைப் பொருளாதாரத்தில் ‘கசிவு’ என்பார்கள். தங்குமிடம் உள்ளூர் விவசாயியிடமும் மீனவரிடமும் தச்சரிடமும் வாங்குவதைப் ‘பிணைப்பு’ என்பார்கள். அந்த விவசாயி வாங்கிய பணத்தை அடுத்த தெருத் தையல்காரரிடம் செலவழிக்க, அவர் அதை மளிகைக் கடையில் செலவழிக்க, ஒரே ரூபாய் பல கை மாறி வேலை செய்வது ‘பெருக்கி விளைவு’. கசிவு கரையில் விழுந்த ஓட்டை. பிணைப்பு வாய்க்கால்.

என் தங்கை புதுச்சேரியில் ஒரு சிறு விருந்தினர் இல்லத்தின் சமையலறையைக் கவனித்துக்கொள்கிறாள். எட்டே அறைகள். ஒரு நாள் காலையில் அவள் தட்டு எடுத்து வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வாழை இலை வெட்டிப் போட்ட தட்டு. இலை பாகூர் பக்கத்துத் தோப்பு. இரண்டு இட்லி, அதற்கு அரிசி அதே பக்கம். வெண்பொங்கலில் நெய் மணக்க வறுத்த முந்திரி பண்ருட்டி. கோடைக் காலமானதால் ஓரத்தில் நான்கு பலாச்சுளை, அதுவும் பண்ருட்டி. கீரை வடைக்குக் கீரை கொண்டுவருபவர் முதல் பஸ்ஸில் எல்லை தாண்டி வரும் ஒரு அம்மா. பையை இறக்கும்போதே “நேற்று மழை பாப்பா, மண் கொஞ்சம் ஒட்டியிருக்கும், நன்றாக அலசிக்கொள்” என்று சொல்லிவிடுவார். மதியத்துக்கு வஞ்சிரம் வேண்டுமென்றால் விடியற்காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்து ஏலத்துக்குப் போன் பறக்கும். தட்டின் மூலையில் இரண்டு பிளாஸ்டிக் பொட்டலங்கள் இருந்தன, வெண்ணெயும் ஜாமும். இரண்டும் எங்கோ தூரத்து ஆலையில் அடைத்தவை.

ஒரு தட்டைப் பார்த்தாலே பிணைப்பு எது, கசிவு எது என்று தெரிந்துவிட்டது. தட்டுக்கு வெளியேயும் இதே கணக்கு ஓடுகிறது. படுக்கை விரிப்பு எங்கே நெய்தது, துணி வெளுப்பது யார், வரவேற்பறையில் வைத்த சுடுமண் சிற்பம் வில்லியனூரில் செய்ததா, சந்தையில் மலிவாக வாங்கியதா? வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் திருக்கனூர் காகிதக் கூழ் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. திருக்கனூர் எல்லையை ஒட்டிய ஊர். அங்கே செய்த ஒரு பொம்மை அறையின் அலமாரியில் நின்றால், எத்தனை விருந்தினர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து “இது எங்கே கிடைக்கும்?” என்று கேட்கிறார்கள் என்பதைத் தங்கை சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பெரிய நிறுவனங்கள் கெட்டவை, சிறியவை நல்லவை என்று இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். மொத்தமாக உள்ளூரில் கொள்முதல் செய்யும் ஒரு பெரிய ஓட்டல், எல்லாவற்றையும் வெளியூரிலிருந்து வரவழைக்கும் பத்துச் சிறு விடுதிகளைவிட அதிகம் செய்யும். எங்கே வாங்குகிறார்கள், யாரை வேலைக்கு வைக்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளே போதும்.

எல்லை இந்தக் கொள்முதலைத் தடுக்காதா? 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பெரும்பாலான பொருள்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே வரி முறை. கீரைக்கும் மீனுக்கும் முள்ளோடை ஒரு தடை இல்லை. பெட்ரோலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால் அவற்றின் விலை வித்தியாசம் நீடிக்கிறது. ஓட்டுநர்களின் தலைவலி வேறு. வாடகைக் கார் எல்லை தாண்டினால் பெர்மிட், வரி என்று தனிக் கணக்கு உண்டு. ஒரு பகல் பயணத்துக்கு இது கட்டுபடியாகாது என்று சொல்லி எல்லைக்கு அந்தப் பக்கத்து இடங்களைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடும் ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். ஒரு ஓட்டுநர் தன் பட்டியலிலிருந்து ஒரு ஊரை எடுத்துவிட்டால், அந்த ஊரின் இளநீர்க் கடைக்காரருக்குக் காரணமே தெரியாமல் வியாபாரம் போய்விடும்.

கடலூர்க்காரனாக இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். புதுச்சேரியிலிருந்து சிதம்பரத்துக்கும் பிச்சாவரத்துக்கும் போகும் வண்டிகள் எங்கள் ஊர் வழியாகத்தான் போயின. நின்றவை குறைவு. வெள்ளி கடற்கரை இருக்கிறது. 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தபோது ஆங்கிலேயருக்குத் தலைமையிடமாக இருந்த கோட்டையின் எச்சம் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறது. பாடலீஸ்வரர் கோயில் இருக்கிறது, திருவந்திபுரம் பெருமாள் கோயில் இருக்கிறது. இருந்தும் ஒரு மணி நேரம் நிற்கக் காரணம் சொல்லும் ஒரு தொழில்முனைவர் குறைவு. பேசத் தெரிந்த வழிகாட்டி, சுத்தமான கழிவறை, நல்ல மீன் சாப்பாடு, நிழலில் ஒரு வண்டி நிறுத்துமிடம். இந்த நான்கும் சேர்ந்தால் வண்டி நிற்கும். பின்தங்கிய ஊருக்கு அழகு குறைவதில்லை. நிற்க வைக்கும் தொழில்தான் குறைகிறது.

வேலை விஷயத்தில் இந்தக் கடற்கரைக்கு ஓர் அபூர்வமான பொருத்தம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே தேதி, ஏனென்றால் மீனுக்கு முள்ளோடை தெரியாது. அந்த 61 நாளில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், வீட்டில் கையிருப்பு கரையும். அதே நாள்களில்தான் பள்ளி விடுமுறை, சுற்றுலாக் கூட்டம். கடலை அறிந்தவர்களின் கை சும்மா இருக்கும் நேரமும், ஆற்றிலும் கழிமுகத்திலும் படகு ஓட்ட ஆள் தேவைப்படும் நேரமும் ஒன்றாக வருகின்றன. ஒரு படகுத்துறை நடத்துபவர் தேவனாம்பட்டினத்திலிருந்தோ நரம்பையிலிருந்தோ நான்கு பேரை அந்த இரண்டு மாதத்துக்கு வேலைக்கு எடுத்தால், அவர்களுக்கு வட்டிக்கு வாங்கும் கடன் குறையும். உயிர்காப்புப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க வேண்டும், அது செலவுதான். கடலில் பிழைத்தவருக்கு நீச்சல் தெரியும் என்பதும், பயந்து போன பத்து வயதுக் குழந்தையை எப்படி அமைதிப்படுத்துவது என்பது தெரியும் என்பதும் வேறு வேறு.

உலகில் இதையெல்லாம் முன்பே யோசித்த இடங்கள் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 1990 முதல் ‘இண்டர்ரெக்’ என்ற திட்டத்தின் கீழ், எல்லையின் இரு பக்கத்தாரும் சேர்ந்து செய்யும் வேலைகளுக்குப் பணம் தருகிறது. புதுச்சேரிக்காரர்கள் பார்த்தால் சிரித்துத் தோளில் கை போட்டுக்கொள்ளும்படியான ஒரு ஊர் அங்கே இருக்கிறது: பார்லெ. நெதர்லாந்துக்குள் 22 துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும் பெல்ஜிய நிலம். சில வீடுகளின் நடுவே எல்லை ஓடுகிறது. வாசல் எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டு முகவரி. அந்த ஊர் எல்லையை மறைக்கவில்லை. நடைபாதையில் வெள்ளைச் சிலுவைக் குறிகளாக வரைந்து, ஒரு பக்கம் ‘பெ’, மறுபக்கம் ‘நெ’ என்று தங்கள் எழுத்தில் போட்டு, அதைப் பார்க்கவே ஆட்களை வரவழைக்கிறது. கடைகளும் உணவகங்களும் அதில் பிழைக்கின்றன. 2020இல் கொரோனா வந்தபோது, எல்லை நடுவே ஓடிய ஒரு துணிக்கடையில் பெல்ஜியப் பாதி மூடியிருந்தது, நெதர்லாந்துப் பாதி திறந்திருந்தது. அதே ஆண்டில் முள்ளோடையில் தடுப்புகள் நின்றதைப் பார்த்த நமக்கு அந்தக் கடைக்காரரின் நிலை புரியும்.

பார்லெயிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எல்லையின் கதையே விற்கத் தகுந்த சரக்கு. குண்டு விழுந்து பிரிந்த கிராமங்கள், 1954 அக்டோபர் 18இல் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்த கீழூர், 9ஆம் நூற்றாண்டில் ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக்கிய பாகூர்ச் செப்பேடு, மூலநாதர் கோயில். ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்கு இதைவிட வளமான பாதை எங்கே கிடைக்கும்? கீழூரில் 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த கதையை அந்த மண்ணில் நின்று ஒரு உள்ளூர்ப் பெண் சொல்லிக் கேட்டால், வந்தவர் புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுன் மஞ்சள் சுவரோடு எடுத்த படத்தை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்.

இனி கெடுதல்களையும் சொல்லியாக வேண்டும். எல்லையோரத்தில் இன்று கண்ணுக்குத் தெரியும் பெரிய ‘சுற்றுலா’ மதுவுக்காக வரும் வார இறுதிக் கூட்டம். இதை வளர்ச்சி என்று என்னால் ஒருபோதும் ஏற்க முடியவில்லை. விலை வித்தியாசமே முதலாக நிற்கும் தொழில் அது. 2020இல் புதுச்சேரி அரசு கொரோனா வரி போட்டு மது விலையைத் தமிழ்நாட்டு விலையோடு சமப்படுத்தியது. ஒரே ஆணையில் அந்த முதல் கரைந்தது, வரி போனதும் திரும்ப வந்தது. ஊருக்கு அதனால் சேர்ந்த திறமை என்ன, படிப்பு என்ன? இரவில் பைக்கில் திரும்பும்போது விழுந்து அடிபட்டவர்களை மட்டும் இரண்டு பக்கத்து மருத்துவமனைகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

கடலும் ஒரு பாடம் சொல்கிறது. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது, அரிப்பு அத்தோடு நிற்காமல் எல்லை தாண்டி பொம்மையார்பாளையம் போன்ற தமிழக மீனவ ஊர்களின் வீடுகளைத் தின்றது. ஒரு அரசின் நிலத்தில் கட்டியது, இன்னொரு அரசின் நிலத்தில் இருந்தவர்கள் இழந்தார்கள். கடற்கரையில் விடுதி கட்டுபவர்கள், அதற்கு அனுமதி தருபவர்கள் இந்த ஒரு கதையைப் படித்திருக்க வேண்டும். நிலத்தடி நீரும் குப்பையும் இதே வகைதான். குழாய்க் கிணற்றை எல்லைக்கு இந்தப் பக்கம் ஆழப்படுத்தினால் அந்தப் பக்கத்துக் கிணறு வற்றும்.

இன்னொன்று, சுற்றுலாவை ஒரே காலாக நம்பி எந்த ஊரும் நிற்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2011 டிசம்பர் 30இல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலும், 2020 கொரோனாவும் வந்தவர்களை ஒரே நாளில் திருப்பி அனுப்பின. தானேயில் சாய்ந்த பலா, முந்திரி மரங்கள் மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆயின. விவசாயமும் மீன்பிடியும் இருக்க, சுற்றுலா அவற்றின் விளைச்சலுக்கு நல்ல விலை தரும் வாசலாக இருப்பதே பாதுகாப்பு.

எல்லையோரத்தில் இரண்டு அறை, ஒரு கார், ஒரு சிறு மெஸ் என்று தொடங்க நினைப்பவர் இதையெல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது? என் தங்கை ஆரம்பித்தது ஒரு நோட்டுப் புத்தகத்திலிருந்து. கொள்முதல் எழுதும் சாதாரணக் கோடு போட்ட நோட்டு. பொருள், எடை, விலை என்று மூன்று பத்தி இருந்ததில் நான்காவதாக ‘ஊர்’ என்று ஒரு பத்தி சேர்த்தாள். மாதக் கடைசியில் அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படிப்பாள். முதல் மாதத்தில் பாதிக்கு மேல் ‘தெரியாது’ என்று இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு, லாரிக்காரரிடம் கேட்டு, ஒவ்வொன்றாக நிரப்பினாள். தெரிந்த பிறகுதான் மாற்ற முடிந்தது. தக்காளி பாகூர்ப் பக்கம் வந்தது, தேங்காய் கெடிலக் கரைக்கு மாறியது, சோப்பு ஒரு மகளிர் சுய உதவிக் குழுவுக்குப் போனது. விலை கூடிய இடங்களும் உண்டு, முட்டையை மறுபடி பழைய இடத்திலேயே வாங்கினாள்.

போன வாரப் பக்கத்தைக் காட்டினாள். வெண்ணெய்க்கு நேரே ஒரு ஊர்ப் பெயர் ஏறியிருந்தது. ஜாமுக்கு நேரே இன்னும் ‘வெளியூர்’. பண்ருட்டிப் பக்கம் ஒரு பெண்கள் குழு பலாப்பழத்தில் ஜாம் கிளறுகிறார்களாம். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் போய், ருசி பார்த்து, மாதம் எத்தனை பாட்டில் தர முடியும் என்று பேசிவிட்டு வருவதாக இருக்கிறாள். நானும் கூடப் போகிறேன்.